முறுக்கு நூல்: டூல்கனிலிருந்து கொலோன் வரை

முதல் நாள், டூல்கன்

காலை பத்தரைக்கு டூல்கன் ஸ்டேஷனில் என்னோடு இறங்கியவர்கள் மூன்று பேர். டியூசல்டார்ஃபிலிருந்து வென்லோ போகும் ஆர்.இ. 13 வண்டி, ஃபியர்சன் தாண்டியதும் இந்த ஊர். இன்னும் கொஞ்ச தூரம் போனால் நெதர்லாந்து எல்லையே வந்துவிடும். சுற்றுலாப் பயணிகள் தேடி வருகிற இடம் கிடையாது. நான் வந்தது ஒரு மனிதருக்காக, ரொம்ப நாளாக அவரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் வாசித்துக்கொண்டிருக்கிறேன். குஸ்டாஃப் மெவிசன், 1815 மே 20 அன்று இதே ஊரில் பிறந்தவர். அப்பா நூல் முறுக்கும் ஆலை வைத்திருந்தார். மகன் அந்தத் தொழிலில் வளர்ந்து, அப்புறம் ரைன் மாகாண சட்டசபை, பெர்லின், 1848-இல் ஜெர்மனி முழுவதற்கும் பிராங்பர்ட்டில் கூடிய தேசிய சபை என்று போய், ரயில்வே கம்பெனிக்குத் தலைவராகி, வங்கிகள் தொடங்கி, 1899-இல் இறந்தார். கார்ல் மார்க்ஸ் ஆசிரியராக இருந்த பத்திரிகைக்குப் பணம் போட்ட தொழிலதிபர்களில் இவரும் ஒருவர். இந்த ஒரு வரிதான் முதலில் என்னைப் பிடித்து இழுத்தது.

ஸ்டேஷனிலிருந்து பழைய சந்தைத் திடலுக்கு நடந்தே போய்விடலாம். செங்கல் வீடுகள், செயின்ட் கொர்னேலியஸ் தேவாலயம், பழைய நகர மதிலில் மிச்சமான ஒரு கோபுரம். 1970-இல் ஃபியர்சனோடு சேர்த்துவிட்டார்கள், அதனால் இப்போது இது தனி நகரம் இல்லை. ஆனாலும் பேக்கரியில் என் முன்னால் நின்ற பெரியவரிடம் 'ஃபியர்சன்காரரா நீங்கள்' என்று தெரியாமல் கேட்டதற்கு, 'டூல்கன்' என்று ஒரே வார்த்தையில் பதில் வந்தது. ஊர்ப்பற்று அப்படி. இங்கே ஒரு பழைய மரக் காற்றாலை இருக்கிறது, அதில் கோமாளிகளின் கலைக்கழகம் ஒன்று உண்டு, நவம்பர் 11 அன்று மரக்குதிரை ஏறி அதைச் சுற்றி வருவார்கள் என்று அந்தப் பெரியவர்தான் ஆசையாகச் சொன்னார். மெவிசன் பெயரைச் சொன்னதும் கொஞ்சம் யோசித்து, 'ரயில்வேகாரர்' என்றார். நூல்காரர் என்று சொல்லுவார் என எதிர்பார்த்திருந்தேன்.

சந்தைத் திடலில் பெஞ்சில் உட்கார்ந்து யோசித்தேன். இந்த மனிதர் கல்லூரிப் பக்கமே போகவில்லை. பள்ளி முடித்து நேராக அப்பாவின் கணக்கு மேசைக்கு வந்துவிட்டார். பகலில் நூல் வியாபாரம், இரவில் தத்துவவாதி ஹெகல், கவிஞர் கோத்தே, பிரெஞ்சுச் சமூகச் சிந்தனையாளர் செயின்ட் சைமன் என்று வாசிப்பு. இருபது வயதில் ஒரு சின்ன ஊரில், பேச்சுத்துணைக்கு அப்படி வாசிக்கிற இன்னொரு ஆள் கிடைப்பதே கஷ்டம். அந்தத் தனிமை அவரை என்ன செய்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். 1841-இல் ஊரை விட்டுக் கொலோனுக்குப் போய்விட்டார்.

இரண்டாம் நாள், பேக்

நூல் ஆலை என்று எழுதிவிட்டேன், ஆனால் அது எந்த நூல் என்று கையில் தொட்டுப் பார்க்காமல் மேலே எழுதப் பிடிக்கவில்லை. பருத்தி இல்லை, லினன். ஆளிச்செடியின் தண்டிலிருந்து உரிக்கிற நார். மன்ஷென்கிளாட்பாக்கிலிருந்து வெக்பெர்க் போகும் சின்ன ரயில், அங்கிருந்து நடந்தால் பேக் என்ற கிராமம், அதில் ஆளிநாருக்கென்றே ஒரு அருங்காட்சியகம். உள்ளூர்க்காரர்கள் ஆர்வத்தில் நடத்துகிறார்கள்.

எனக்குச் செய்து காட்டிய அம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். ஆளியை அறுக்கக் கூடாது, வேரோடு பிடுங்க வேண்டும், அறுத்தால் நாரின் நீளம் போய்விடும் என்று ஆரம்பித்தார். பிடுங்கிய கட்டைக் குழித் தண்ணீரில் ஊறப்போடுவார்கள். தண்டின் பசை அழுகி நார் விட்டுக்கொடுக்கும்வரை கிடக்கும், அந்த நாற்றம் ஊர் முழுக்க வருமாம். பிறகு காயவைத்து, மரப்பல் வைத்த கருவியில் போட்டு மடார் மடாரென்று நொறுக்கினார். தண்டின் சக்கை தவிடு மாதிரி கீழே கொட்டியது. அடுத்தது ஆணிச் சீப்பு. ஒரு பலகையில் நெருக்கமாக நட்ட கூர் ஆணிகள், அதில் கட்டைத் தட்டித் தட்டி இழுக்க இழுக்க, குட்டை நாரெல்லாம் ஆணியில் சிக்கிக்கொள்ள, கையில் மிஞ்சியது பளபளவென்று ஒரு கொத்து. வெளுத்த தங்க நிறம். குழந்தையின் தலைமுடியைத் தொட்டதுபோல் இருந்தது. பொன்முடிக்கு ஜெர்மனில் 'ஆளிப் பொன்' என்று பெயர் வந்தது சும்மா இல்லை.

விரலை நனைத்து நனைத்துத்தான் ஆளியை நூற்கிறார்கள், இல்லாவிட்டால் நூல் சிலிர்த்துக்கொண்டு நிற்கும். நூற்றதில் இரண்டு இழை எடுத்து, நூற்ற திசைக்கு எதிர்த்திசையில் சேர்த்து முறுக்கினார். விட்டதும் ஒரு இழை தன் முறுக்கை அவிழ்க்கப் பார்க்கிறது, அதுவே மற்ற இழையை இறுக்குகிறது, இரண்டும் அப்படியே நின்றுவிட்டன. ஒற்றை இழையை இழுத்துப் பார்க்கச் சொன்னார், பட்டென்று அறுந்தது. முறுக்கியதை இழுத்தபோது விரலைத்தான் வெட்டியது. அந்தத் துண்டை எனக்கே கொடுத்துவிட்டார்.

மெவிசன் வீட்டுத் தொழிலே இந்த முறுக்குதான். அவருடைய பிற்கால வாழ்க்கையை, அதாவது பங்கு சேர்ப்பது, கம்பெனி கூட்டுவது, சங்கம் தொடங்குவது எல்லாவற்றையும் இங்கிருந்து பார்க்கத் தோன்றுகிறது. இது என் எண்ணம், அவர் அப்படிச் சொன்னதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் காலத்தைப் பாருங்கள். அவர் வாலிபனாக இருந்தபோது இங்கிலாந்தில் வெந்நீரில் நனைத்து ஆளி நூற்கும் இயந்திரம் வந்துவிட்டது. அந்த மலிவு நூல் வந்து இறங்க இறங்க, வீட்டு ராட்டைக்கு வேலை போய்க்கொண்டிருந்தது. ஒரு குடும்பத்தின் பணத்தை மட்டும் வைத்து அந்த அளவில் ஆலை கட்ட முடியாது, பல பேர் பணம் சேர வேண்டும். அந்தக் காலத்தில் அந்தப் பக்கத்தில் வியாபாரம் செய்தவர் யாரானாலும் இதைப் பார்த்திருப்பார். இவர் அதை விடாமல் பிடித்துக்கொண்டார்.

மூன்றாம் நாள், கிரேஃபெல்ட்

இது பட்டு ஊர். மெவிசனின் ஊர் இல்லைதான், ஆனால் டூல்கனிலிருந்து ரொம்பத் தூரமும் இல்லை. நேற்று முழுக்க நூலோடு இருந்துவிட்டேன், தறியில் உட்கார்ந்தவர்களைப் பார்க்காமல் போகக் கூடாது.

பட்டு நெசவுக்கான அருங்காட்சியகம் ஒரு பழைய நெசவுப் பட்டறையிலேயே இருக்கிறது, தேவாலயக் குருமார் அணியும் உடைகளுக்குத் துணி நெய்த இடம். ஜக்கார்டு கைத்தறிகள் கூரை வரைக்கும் நிற்கின்றன. மேலே துளையிட்ட அட்டைகள் மாலை மாலையாகத் தொங்குகின்றன. நெய்து காட்டியவர் மிதியை மிதிக்க ஒரு அட்டை திரும்புகிறது, பாவு என்கிற நெடுக்கு நூல் பிரிகிறது, நாடா ஓடுகிறது, அச்சு வந்து அடிக்கிறது. ஐந்து நிமிடத்தில் ஊடை என்கிற குறுக்கு நூல் எவ்வளவு ஏறியது என்று பார்த்தேன், என் சுண்டுவிரல் நகத்தின் அளவு.

நகரத்தின் உள்ளே ஒரு நெசவாளர் சிலை. மாஸ்டர் பொன்சலார் என்று பெயர், கிரேஃபெல்ட் நெசவாளர்கள் எல்லாருக்கும் பொதுவான ஒரு கற்பனை மனிதர். நெய்து முடித்த துணியைத் தோளில் சுமந்துகொண்டு முதலாளி வீட்டுக்குப் போகிறார். கூலித்தறி ஏற்பாடு இங்கேயும் அப்படியேதான் இருந்திருக்கிறது. பாவும் நூலும் முதலாளி தருவார், நெசவு வீட்டில், கூலி அவர் சொன்னது. 1828-இல் கூலியைக் குறைத்தபோது நெசவாளர்கள் கொதித்தெழுந்து முதலாளிமார் வீடுகள் முன்னால் கூடினார்கள், ராணுவத்தை இறக்கி அடக்கினார்கள். மெவிசனுக்கு அப்போது பதின்மூன்று வயது. ஒரு நூல் முதலாளி வீட்டில் அன்று இரவு சாப்பாட்டு மேசையில் என்ன பேசியிருப்பார்கள்? இந்தச் சிலையின் முன்னால் நின்று அதைத்தான் ரொம்ப நேரம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான்காம் நாள், கொலோன்

கிரேஃபெல்ட்டிலிருந்து நொய்ஸ் வழியாக ஆர்.இ. 7. இந்தப் பாதை 1855-இல் தனிக் கம்பெனி போட்டது, 1860-இல் ரைன் ரயில்வே கம்பெனி அதை வாங்கிக்கொண்டது. ரைன் ரயில்வேயின் தலைவர் 1844-இலிருந்து மெவிசன்தான், 29 வயதில் அந்த நாற்காலியில் உட்கார்ந்து முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் எழுந்திருக்கவில்லை. டூல்கன் பெரியவர் சொன்னது சரிதான், ரயில்வேகாரர்.

பெட்டியை அறையில் போட்டுவிட்டு ஷில்டர்காஸே தெருவுக்குப் போனேன். கொலோனில் கூட்டம் மொய்க்கிற கடைத்தெரு, பாதிக்கு மேல் துணிக்கடை. கண்ணாடியால் வளைத்துக் கட்டிய ஒரு பெரிய துணிக்கடைக்கு ஊர்க்காரர்கள் திமிங்கலம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இந்தத் தெருவில்தான் 1842 ஜனவரி 1 அன்று 'ரைனிஷ சைட்டுங்' பத்திரிகை தொடங்கியது. பங்கு விற்றுப் பணம் திரட்டிய பத்திரிகை. வங்கிக்காரர், வக்கீல், வியாபாரி என்று கொலோனின் வசதியான தாராளவாதிகள் பங்கு வாங்கினார்கள், மெவிசனும் சேர்ந்தார். ரைன் பகுதி அப்போது பெர்லினிலிருந்து ஆண்ட பிரஷ்ய அரசின் கீழ் இருந்தது, அந்த அரசு எழுத்தை எல்லாம் தணிக்கை செய்துகொண்டிருந்த காலம் அது. அக்டோபரில் 24 வயது மார்க்ஸ் ஆசிரியராக வந்தார்.

மெவிசன் அவரைப் பற்றி எழுதிவைத்த வரிகள் பிழைத்திருக்கின்றன. கன்னம், கை, மூக்கு, காது எங்கும் அடர்ந்து கிளம்பிய கருமுடி, அடக்கி ஆளும் குணம், படபடப்பு, எல்லையில்லாத தன்னம்பிக்கை, அதோடு ஆழ்ந்த தீவிரமும் படிப்பும். இரண்டு பேருக்கும் மூன்று வயதுதான் வித்தியாசம். ஒருவர் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கி வேலை கிடைக்காமல் வந்தவர், இன்னொருவர் பல்கலைக்கழகம் போகாமல் ஹெகலை வாசித்தவர். எனக்கு அந்த வரிகளில் தெரிவது மரியாதை, கொஞ்சம் பயமும்.

மார்க்ஸ் அந்தப் பத்திரிகையில் ரைன் மாகாண சபையின் விவாதங்களைக் கிழித்துப் போட்டார். காட்டில் கீழே விழுந்து கிடக்கும் சுள்ளியை ஏழைகள் பொறுக்கினால் அது திருட்டு என்று சபை பேசியது, அவர் அதைத் தொடர் கட்டுரையாக எழுதினார். மோசல் ஆற்றங்கரைத் திராட்சை விவசாயிகளின் கஷ்டத்தையும் எழுதினார். 1843 மார்ச் கடைசியோடு பத்திரிகையை அரசு மூடிவிட்டது. பத்திரிகை போனது, மார்க்ஸ் பாரிஸுக்குப் போனார். பங்குதாரர்கள் வியாபாரத்துக்குத் திரும்பினார்கள்.

சரி, மெவிசன் வெறும் வியாபாரத்துக்குத் திரும்பிவிட்டாரா என்றால், இல்லை. 1844 ஜூனில் பிரஷ்யாவின் கிழக்கு மாகாணமான சைலீசியாவில் லினன், பருத்தி நெசவாளர்கள் பசி தாங்காமல் முதலாளிகளின் வீடுகளை உடைத்தார்கள், ராணுவம் சுட்டது. அந்த வருஷமே கொலோனில் உழைப்பாளிகளின் உதவிக்கும் கல்விக்கும் ஒரு சங்கம் தொடங்க முயன்றவர்களில் இவரும் இருந்தார். அதன் விதிகளுக்கு அரசு அனுமதி கொடுக்கவில்லை. வறுமை என்பது தனி மனிதர்களின் சோம்பல் இல்லை, தொழில் நடக்கிற விதத்திலிருந்தே வருகிறது, சேர்ந்து நின்றால்தான் தீரும் என்று அந்த வயதில் ஒரு ஆலை முதலாளியின் மகன் நினைத்தது பெரிய விஷயம். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

1846-இல் டூல்கன் அவரை ரைன் மாகாண சபைக்கு அனுப்பியது. ஆனால் அந்தச் சபைக்கு யார் போக முடியும் என்பதையும் எழுத வேண்டும். பிரபுக்கள், பெருநிலக்காரர்கள், நகரங்கள், கிராமங்கள் என்று நாலு பிரிவு, எதில் நிற்பதானாலும் சொத்து வேண்டும். தோளில் துணி சுமந்த பொன்சலாருக்கு அதில் இடம் கிடையாது. மறு வருஷம் ஏப்ரலில் பிரஷ்யாவின் எல்லா மாகாண சபைகளையும் அரசர் பெர்லினில் ஒன்றாகக் கூட்டினார், கிழக்கு ரயில்பாதைக்குக் கடன் எடுக்க ஒப்புதல் வேண்டும் என்று. ரைன் பக்கத்திலிருந்து போன கம்ப்ஹவுசன், ஹான்சமன், பெக்கராத், மெவிசன் எல்லாரும் வியாபாரிகள், ரயில் வேண்டும் என்பதில் அவர்களைவிட ஆசை உள்ளவர்கள் யார்? ஆனாலும் சபையை ஒழுங்காகக் கூட்டும் உரிமை இல்லாமல் பணம் இல்லை என்று நின்றுவிட்டார்கள், கடனுக்குச் சபை ஒப்புதல் தரவில்லை. ரயில்வே கம்பெனித் தலைவர் ஒருவர் உரிமைக்காக ரயிலை நிறுத்தினார். அவர் வாழ்க்கையில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

1848-இல் புரட்சி வந்தது. மெவிசன் பிராங்பர்ட் தேசிய சபையில் மிதவாதிகளோடு உட்கார்ந்தார், அந்தக் கோடையில் கொஞ்ச நாள் வணிக அமைச்சகத்தில் துணைச் செயலராகவும் இருந்தார். மார்க்ஸ் கொலோனுக்குத் திரும்பி வந்து 'நொய ரைனிஷ சைட்டுங்' தொடங்கி இந்த மிதவாதிகளையே தினம் தினம் சாடினார். ஆறு வருஷம் முன்னால் ஒரே பத்திரிகையில் இருந்தவர்கள். 1849 மே மாதம் அதன் கடைசி இதழ் சிவப்பு மையில் வந்தது.

அதே 1848-இல் கொலோனின் ஷாஃப்ஹவுசன் வங்கி நொடித்தது. அதைப் பங்கு வங்கியாக மாற்றித் தூக்கி நிறுத்தினார்கள், ஜெர்மனியில் அப்படி வந்த முதல் வங்கி, அதன் தலைமைக்கு மெவிசன் போனார். 1853-இல் டார்ம்ஸ்டாட்டில் இன்னொரு பெரிய வங்கி. அதற்கு முன்பே 1846-இல் காப்பீட்டுக் கம்பெனிகளுக்கே காப்பீடு தரும் கம்பெனி ஒன்றையும் கொலோனில் கூட்டியிருந்தார். 1842-இல் ஹாம்பர்க் எரிந்தபோது நஷ்டஈடு கொடுக்க முடியாமல் கம்பெனிகள் திணறியதைப் பார்த்து வந்த யோசனை அது, அந்தத் தொழிலை மட்டுமே செய்த முதல் கம்பெனி உலகத்திலேயே அதுதான். ஒரு ஊரின் தீயை நூறு ஊர் சேர்ந்து தாங்குவது.

அறைக்கு வந்து இதையெல்லாம் எழுதும்போது மனசு ஒரு பக்கம் நெருடுகிறது. புரட்சி தோற்றபிறகு அவர் பணத்தோடு பணத்தைச் சேர்ப்பதில்தான் கெட்டிக்காரராக இருந்தார். 1844-இல் உழைப்பாளிகளோடு சேர்ந்து ஒரு சங்கம் என்று நினைத்தாரே, அந்த நினைப்புக்கு அவர் திரும்பிய தடம் எனக்குக் கிடைக்கவில்லை. 1866-இல் பிரஷ்ய மேல்சபை, 1884-இல் பிரபுப் பட்டம். அவரைத் துரோகி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் இழப்பு யாருக்கு என்று கேட்டால், நெசவாளருக்குத்தான்.

ஐந்தாம் நாள், கொலோன்

காலையில் தெற்குப் பகுதியில் கிளாடியஸ் தெருவுக்குப் போனேன். பார்க்கைப் பார்த்தபடி ஒரு பெரிய பழைய கல்விக் கட்டிடம். வணிகக் கல்லூரிக்காகக் கட்டி 1907-இல் திறந்தது. அந்தக் கல்லூரி மெவிசனின் பல வருஷக் கனவு. 1879-இலேயே வியாபாரிகளுக்குப் பல்கலைக்கழகம் மாதிரி ஒரு படிப்பு வேண்டும் என்று எழுதிக் கொடுத்து, நன்கொடையும் கொடுத்துவிட்டார். கல்லூரி தொடங்கியது 1901-இல், அவர் இறந்து இரண்டு வருஷம் கழித்து. 1919-இல், பின்னாளில் மேற்கு ஜெர்மனியின் பிரதமரான அடனாவர் இங்கே மேயராக இருந்தபோது, இதை அடித்தளமாக வைத்துத்தான் கொலோன் பல்கலைக்கழகம் மறுபடி பிறந்தது. கல்லூரிக்குப் போகாத மனிதர் ஒரு பல்கலைக்கழகத்துக்கு விதை போட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

அவருக்குப் பிறந்தது ஐந்தும் பெண் பிள்ளைகள். அவர்களில் ஒருவர் மட்டில்ட, 1848-இல் பிறந்தவர், படிக்க அவ்வளவு ஆசைப்பட்டவர். அந்தக் காலத்து ஜெர்மனியில் பெண்ணுக்குப் பல்கலைக்கழகக் கதவு மூடியிருந்தது என்பது உண்மை, பிரஷ்யாவில் அது திறந்ததே 1908-இல்தான். ஆனாலும் ஊரார் பிள்ளைகளின் படிப்புக்குத் திட்டம் தீட்டிய அப்பா, மேலே படிக்கத் துடித்த சொந்த மகளுக்கு வழி திறக்கவில்லை என்பது என்னால் சுலபமாகத் தாண்ட முடியாத விஷயம். அவர் இறந்த 1899-இலேயே மட்டில்ட பெண்களுக்கான மேல்நிலைப் பள்ளிக்காக ஒரு சங்கம் தொடங்கினார், அப்போது அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. 1903-இல் கொலோனில் அந்தப் பள்ளி திறந்தது. கிளாடியஸ் தெருப் படிக்கட்டில் பையைத் தலைக்கு வைத்துப் படுத்தபடி ஒரு பெண் போனில் சத்தமாகக் கணக்குப் பாடம் பேசிக்கொண்டிருந்தாள். பக்கத்துப் படியிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அங்கிருந்து செவரின் தெரு வழியாக வைட்மார்க்ட் வரை நடந்தேன். நகர ஆவணக் காப்பகம் இருந்த இடம். 2009 மார்ச் 3 அன்று, சுரங்க ரயில் வேலை நடந்துகொண்டிருந்தபோது கட்டிடம் அப்படியே குழிக்குள் சரிந்தது. பக்கத்து வீடுகளில் இருந்த இரண்டு பேர் இறந்துபோனார்கள். மெவிசனின் கடிதங்களும் குறிப்புகளும் அந்தக் காப்பகத்துக்குத்தான் போயிருந்தன. சேற்றிலும் நிலத்தடி நீரிலும் கிடந்த தாள்களைப் பொறுக்கி, பூஞ்சை பிடிக்காமல் உறையவைத்து, உறைந்த நிலையிலேயே ஈரத்தை எடுத்து, இன்னமும் ஒவ்வொரு தாளாகச் சரிசெய்து வருகிறார்கள். பெரும்பகுதி மீண்டுவிட்டது, 2021-இல் புதுக் கட்டிடமும் திறந்தார்கள். காகிதமும் நார்தானே. பழைய காலத்துக் காகிதம் கந்தல் லினனிலிருந்துதான் செய்தார்கள், தண்ணீரில் கிடந்தும் அந்த நார் தாங்கியிருக்கிறது.

மாலையில் டிராம் பிடித்து மெலாட்டன் கல்லறைத் தோட்டம். 1810-இல் திறந்தது, பணக்காரக் குடும்பங்கள் வரிசையாக இருக்கும் பாதைக்குக் கோடீஸ்வரர் சாலை என்றே பெயர். மெவிசன் குடும்பக் கல்லறையின் முன்னால் நான் மட்டும்தான் இருந்தேன். மேப்பிள் மரத்து இலைகள் கொட்டிக் கிடந்தன, ஒரு அணில் மட்டும் ஓடியது. பேக் கிராமத்து அம்மா கொடுத்த நூல் துண்டு சட்டைப் பையில் கிடந்தது. எடுத்துப் பார்த்தேன், முறுக்கு அவிழவில்லை. திரும்பப் பையிலேயே வைத்துக்கொண்டேன்.

ஆறாம் நாள், ஆகன் வண்டியில்

சின்னக் குறிப்பு மட்டும். கொலோனிலிருந்து ஆகன் போகிறேன், ரைன் ரயில்வேயின் முதல் பாதை இது. 1839-இல் கொலோனிலிருந்து மியூங்கர்ஸ்டார்ஃப் வரை மட்டும் ஓடியது, 1843-இல் பெல்ஜியம் எல்லை வரை போய்விட்டது. நடுவில் கேனிக்ஸ்டார்ஃப் மேட்டைக் குடைந்து ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் சுரங்கம் வெட்டினார்கள். 1950-களில் அதன் கூரையை எடுத்துத் திறந்த பள்ளமாக்கிவிட்டார்கள், அதனால் சுரங்கம் என்று பார்க்க இப்போது ஒன்றும் இல்லை. இரண்டு பக்கமும் சரிவில் மரங்கள், வெளிச்சம் குறைகிறது, எதிர் இருக்கையில் தூங்குகிற பையன் கண்ணைத் திறந்து மூடுகிறான். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, சமவெளி வந்துவிட்டது. சர்க்கரை பீட்ரூட் வயல்கள்.